கத்தாழை கத்தும் சத்தம்

மலேசியாவின் கிழக்குக் கரையில், திரெங்கானு பக்கம், படகிலிருந்து கடலில் இறங்கித் தலையைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, மீன் கூட்டம் எங்கே இருக்கிறது என்று காதாலேயே கண்டுபிடிக்கும் ஆட்கள் இருந்தார்கள். ‘ஜூரு செலாம்’ என்று பெயர். 1939-40இல் பக்கத்து மாநிலமான கிளந்தானில் மீனவர்களோடு தங்கி ஆராய்ந்த மானிடவியலாளர் ரேமண்ட் ஃபர்த் இவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். வலைக்குழுவுக்குத் தலைமை ஜூரு செலாம்தான். எங்கே வலை விடுவது என்பது அவர் காதைப் பொறுத்தது.

இதைப் படித்ததும் நைனாவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சென்னை நொச்சிக்குப்பத்தில் எங்கள் வீட்டு வாசலில் வலை பொத்திக்கொண்டிருந்தார். அங்கே காதால் தேடுவது முக்கியமாக ‘கெலாமா’ என்கிற மீனைத்தான், அது நம்ம கத்தாழை என்றேன். ஊசியை நிறுத்தாமலே சொன்னார்: “கத்தாழையா? அது கத்தாம இன்னா பண்ணும்?”

அப்புறம்தான் விஷயம் வந்தது. கட்டுமரத்தில் தொழிலுக்குப் போன காலத்தில் எஞ்சின் சத்தம் கிடையாது. துடுப்பைத் தண்ணீரில் செங்குத்தாக இறக்கி, மேல்முனையில் காதை வைத்தால் கூட்டம் இருப்பது தெரியுமாம். வலையைக் கீழே வைத்துவிட்டு, கன்னத்தை உள்ளங்கையில் சாய்த்து, தொண்டைக்குள்ளேயே “கொர்ர்... கொர்ர்...” என்று செய்து காட்டினார். ஒரு மீன் கத்துவதற்கும் கூட்டமாகக் கத்துவதற்கும் தனித்தனியாக. கத்தாழை தன் வயிற்றுக் காற்றுப்பையைச் சதையால் அதிரவைத்து எழுப்புகிற சத்தம் அது. புத்தகத்தில் படித்து எனக்குத் தெரியும். நைனாவின் தொண்டையில் கேட்டது அன்றைக்குத்தான்.

மலாய் பேசும் மீனவர்களிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. தென் தாய்லாந்தின் பட்டானிக் கரையில், கடலுக்குப் போனபின் எருமை, ஆடு, புலி என்று நிலத்து உயிர்களின் பெயரைச் சொல்லமாட்டார்கள். எல்லாவற்றுக்கும் ‘செவே’ என்று பொதுவாக ஒரு சொல். எந்தச் செவே என்று தெரிய, அது போடும் சத்தத்தையோ உடம்பிலுள்ள வரிகளையோ சேர்த்துச் சொல்வார்கள். நூறு வருஷத்துக்கு முன்பே பதிவான வழக்கம் இது. இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்க எனக்கு மனசு வரவில்லை. விடிகாலையில் வலையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் நைனாவை எங்கள் வீட்டில் இன்றுவரை யாரும் “எங்கே போறீங்க?” என்று கேட்டதில்லை. திரும்பி வருவது உறுதியில்லாத வேலைக்குப் போகிறவர்களின் பேச்சில் அடக்கம் இருக்கத்தான் செய்யும்.

ஆனால் கடல் பேச்சென்றால் பயமும் நம்பிக்கையும் மட்டுமில்லை. வடக்கிலிருந்து தெற்கே ஓடும் நீரோட்டத்தை எங்கள் பக்கம் வன்னி என்பார்கள். தெற்கிலிருந்து வடக்கே ஓடினால் தெண்டி. 2017 ஜனவரி 28 அன்று, எங்களுக்கு வடக்கே, எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. எர்ணாவூரில் வாளியால் அள்ளிக்கொண்டிருந்தார்கள். செய்தியைக் கேட்டதுமே நைனா, “வன்னி ஓடுது, இங்கயும் வரும்” என்றார். வந்தது. மெரினாவையும் தாண்டித் தெற்கே போனது. வாடைக்காற்று காலத்தில் தண்ணீர் எந்தப் பக்கம் இழுக்கும் என்பது குப்பத்துப் பிள்ளைகளுக்கும் தெரிந்த சேதி.

அதே வடகிழக்குப் பருவக்காற்றைத்தான் திரெங்கானுவில் ‘தெங்குஜு’ மழைக்காலம் என்கிறார்கள். அந்த மாதங்களில் அங்கே சின்னப் படகுகள் கரையேறிவிடும்.

இன்று கைபேசியில் வரும் எச்சரிக்கை காற்றின் வேகத்தைக் கிலோமீட்டரிலும் அலையின் உயரத்தை மீட்டரிலும் சொல்கிறது. நல்லதுதான், உயிரைக் காக்கிறது. கூடவே வன்னியா தெண்டியா என்று ஒரு வரி இருந்தால் நைனா அதை இன்னும் நெருக்கமாகப் படிப்பார். அண்ணன் மகன் ஃபைபர் படகில் ஜிபிஎஸ் பார்த்துத்தான் போகிறான். எஞ்சினை அணைத்துக் காது கொடுக்க அவனுக்கு நேரமில்லை, டீசல் விலை அப்படி. அவனைக் குறை சொல்ல மாட்டேன்.

நைனா சொல்வதை இப்போது ஒவ்வொன்றாகப் பதிவு செய்துகொண்டிருக்கிறேன். காசிமேடு, பழவேற்காடு, கோவளம் பக்கத்து ஆட்கள் யாராவது இதைப் படித்தால், கத்தாழையைக் காதால் தேடிய பெரியவர்கள் உங்கள் குப்பத்தில் இருக்கிறார்களா என்று சொல்லுங்கள். நானே நேரில் வந்து கேட்டுக்கொள்கிறேன்.