ஃப்ரிட்ஜ் கதவில் பன்னிரண்டு பெயர்கள்

மார்ச் 17, 2024, ஞாயிறு, மொன்ட்ரியல்

காகிதத்தை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியாகிவிட்டது. இனி யாரும் பேனாவோடு அதன் பக்கம் போகக் கூடாது. இது மகள் போட்ட விதி. உலக ஃபிகர் ஸ்கேட்டிங் போட்டி புதன்கிழமை எங்கள் ஊர் பெல் சென்டரில் தொடங்குகிறது. பெண்கள், ஆண்கள், ஜோடி, ஐஸ் டான்ஸ் என்று நான்கு பிரிவு. பிரிவுக்கு மூன்று பதக்கம், ஆகப் பன்னிரண்டு. பெயரும் நிறமும் சரியாக இருந்தால் மூன்று புள்ளி, பெயர் மட்டும் சரி என்றால் ஒன்று.

இது எங்களுடைய இரண்டாவது காகிதம். முதலாவதை 2020 மார்ச்சில் எழுதினோம். அதே பெல் சென்டர், அதே உலகப் போட்டி. தொடங்க ஒரு வாரம்கூட இல்லாதபோது கொரோனாவால் ரத்து செய்துவிட்டார்கள். மகளுக்கு அப்போது பத்து வயது. டிக்கெட் பணம் திரும்பி வந்தது. அவள் தேறத்தான் நாளானது. அந்தக் காகிதத்தை நான் எறியவில்லை, சமையலறை இழுப்பறையில் இருந்தது. இன்று எடுத்துப் பார்த்தோம். ஆண்கள் பிரிவில் நேதன் சென், யுசுரு ஹன்யூ, ஷோமா ஊனோ என்று எழுதியிருக்கிறேன். ஐஸ் டான்ஸில் மேலே பப்பதாகிஸ்-சிசெரோன், மூன்றாவதாக மேடிசன் சாக்-இவன் பேட்ஸ். நான்கு வருடத்தில் மற்ற எல்லாரும் போய்விட்டார்கள். பழைய காகிதத்திலிருந்து புதியதற்கு வந்த பெயர்கள் இரண்டுதான்: ஊனோ, அப்புறம் சாக்-பேட்ஸ்.

நான் ஸ்கேட்டிங் கற்றவள் இல்லை. மகளின் காலை ஆறு மணி வகுப்புக்குத் துணையாகப் போய், உறையும் குளிரில் பெஞ்சில் உட்கார்ந்து, நடுவர்கள் வெளியிடும் மதிப்பெண் தாள்களைப் படித்துப் படித்துத்தான் இதற்குள் வந்தேன். ஒவ்வொரு தாவலுக்கும் ஓர் அடிப்படை மதிப்பு உண்டு. காற்றில் நான்கு சுற்று சுற்றும் ஆக்சல் என்ற தாவலுக்கு 12.50, லட்ஸ் என்ற தாவலுக்கு நான்கு சுற்று என்றால் 11.50, மூன்று சுற்று என்றால் 5.90. அதன் மேல், செய்த விதத்துக்கு ஒன்பது நடுவர்கள் மைனஸ் ஐந்திலிருந்து பிளஸ் ஐந்து வரை போடுவார்கள். நான்கு சுற்று லட்ஸில் விழுந்தால் பாதி மதிப்பு போய்விடும், விழுந்ததற்கு இன்னும் ஒரு புள்ளி போகும். மிஞ்சுவது 4.75. மூன்று சுற்றை ஒழுங்காகச் சுற்றி இறங்கியவர் அதைவிட அதிகம் வாங்கிவிடுவார். இந்தக் கணக்கு பிடிபட்ட அன்றுதான் நான் முதன்முதலில் பதக்கம் கணிக்க ஆரம்பித்தேன்.

ஆண்களில் என் வரிசை: இலியா மலினின், ஊனோ, பிரான்சின் ஆடம் சியாவ் ஹிம் ஃபா. மகள் ஊனோவுக்குத் தங்கம் கொடுத்திருக்கிறாள். பின்னால் மலினின், யூமா ககியாமா. ஆடமை அவள் சேர்க்கவே இல்லை. நவம்பரில் ஆஞ்ஜே நகரில் மலினினையே தோற்கடித்தவர், ஜனவரியில் கவுனாஸில் ஐரோப்பிய சாம்பியன். அவரை எப்படி விட முடியும் என்று கேட்டேன். "டிசம்பர்ல பெய்ஜிங்ல கிராண்ட் ப்ரீ இறுதிப் போட்டில நாலாவதா வந்தாரே அம்மா" என்றாள். அதுவும் உண்மைதான்.

பெண்களில் இருவருக்குமே கவோரி சகமோட்டோதான் தங்கம். அவருக்கு அடுத்து நான் பெல்ஜியத்தின் லூனா ஹென்ட்ரிக்ஸ், பிறகு அமெரிக்காவின் இசபோ லெவிட்டோ. மகள் அந்த இருவரையும் இடம் மாற்றி எழுதினாள். ஜனவரியில் சொந்த நாட்டுப் போட்டியிலேயே தடுமாறி மூன்றாவதாக வந்த லெவிட்டோவுக்கு வெள்ளியா என்றேன். "அது ஒரு நாள் அம்மா" என்று விட்டுவிட்டாள்.

மார்ச் 20, புதன்

அலுவலகத்தில் போனில் பார்த்தேன். பெண்கள் ஷார்ட் புரோகிராமில், அதாவது சிறிய முதல் ஆட்டத்தில், ஹென்ட்ரிக்ஸ் 76.98 வாங்கி முதலிடம். லெவிட்டோ 73.73. சகமோட்டோ 73.29, நான்காவது!

பதறவில்லை. சகமோட்டோவிடம் நான்கு சுற்றுத் தாவல் கிடையாது, மூன்று சுற்று ஆக்சலும் கிடையாது. ரஷ்யப் பெண்கள் போட்டிகளில் இருந்த காலத்தில் இது பெரிய குறையாகத் தெரிந்தது. 2022 மார்ச்சிலிருந்து அவர்கள் சர்வதேசப் போட்டிகளில் இல்லை என்பதால்தான் இவர் ஜெயிக்கிறார் என்று சிலர் சொல்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவர் பனியின் மேல் போகும் வேகத்தைப் பாருங்கள். அந்த வேகம் குறையாமலே தாவலுக்குள் போய், அதே வேகத்தோடு வெளியே வருவார். அவருடைய இரட்டை ஆக்சலுக்கு விழும் பிளஸ்களைத் தாளில் பார்த்தால் புரியும். இரண்டாவது, நீண்ட ஆட்டமான ஃப்ரீ ஸ்கேட்டில் 3.69 புள்ளி அவருக்கு ஒரு தூரமே இல்லை; இரண்டின் கூட்டுத்தொகைதானே முடிவு.

ஜோடிப் பிரிவில் கனடாவின் டீயானா ஸ்டெல்லாட்டோ-டூடெக், மேக்சிம் டெஷாம் 77.48-உடன் முன்னால். நடப்பு சாம்பியன்களான ஜப்பானின் ரிக்கு மியூரா, ரியூச்சி கிஹாரா 73.53. நான் ஜப்பானியருக்குத் தங்கம் எழுதியிருக்கிறேன், மகள் கனடாவுக்கு. கிஹாராவின் முதுகுக் காயத்தால் அவர்கள் இந்த சீசனின் பாதியை இழந்தது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் எழுதினேன்.

மார்ச் 21, வியாழன்

ஆடம் பத்தொன்பதாவது.

77.49. தாவல்கள் கைவிட்டுவிட்டன. ஷார்ட் புரோகிராம் இப்படித்தான் தண்டிக்கும். ஆண்களுக்கு அதில் தாவலுக்கு மூன்றே வாய்ப்பு. காற்றில் உடம்பு திறந்துகொண்டு, மூன்று சுற்ற வேண்டிய ஆக்சல் ஒரு சுற்றானால் அதற்குப் பாதி மதிப்புகூடக் கிடையாது, முழுப் பூஜ்யம். இருபத்துநான்கு பேர்தான் ஃப்ரீ ஸ்கேட்டுக்குப் போவார்கள். இன்னும் ஆறு இடம் பின்னால் போயிருந்தால் ஐரோப்பிய சாம்பியன் பெட்டியைக் கட்டியிருப்பார்.

மேலே ஊனோ 107.72, ககியாமா 106.35, மலினின் 105.97. ஊனோ ஓடியதைப் பார்த்தபோது என் காகிதத்தில் அவரை இரண்டாவதாக எழுதியதற்கு வருத்தமாகவே இருந்தது. முழங்கால் மடங்கி இறங்கும் அந்த மென்மை யாருக்கும் வராது.

இரவு ஒரு கணக்குப் போட்டேன். மூன்றாம் இடத்துக்கும் ஆடமுக்கும் இடையே 28.48. அவர் ஃப்ரீயில் 200-ஐத் தாண்டக்கூடியவர். 205 வந்தால் மொத்தம் 282 சொச்சம். அதோடு மேலே இருக்கும் மூவரில் ஒருவர் 175 பக்கம் இறங்க வேண்டும், நடுவில் இருக்கும் பதினைந்து பேரும் அவரைத் தாண்டாமல் இருக்க வேண்டும். மூவரில் யாரும் அப்படி இறங்குவதை எனக்கு யோசிக்கவும் முடியவில்லை. பேனாவை எடுத்துக்கொண்டு போனேன், அடிக்கத்தான். மகள் ஃப்ரிட்ஜ் முன்னால் வந்து நின்றாள். சரி, விதி விதிதான்.

ஜோடி ஃப்ரீ ஸ்கேட்டைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். மியூரா-கிஹாரா ஃப்ரீயில் 144.35, கனடியர் 144.08. ஃப்ரீயை ஜப்பான் ஜெயித்தது, தங்கத்தைக் கனடா எடுத்தது: 221.56-க்கு 217.88. ஜெர்மனியின் ஹாஸே-வலோதின் வெண்கலம். ஸ்டெல்லாட்டோ-டூடெக்குக்கு நாற்பது வயது. 2000-இல் அமெரிக்காவுக்காக ஜூனியர் உலகப் போட்டியில் வெள்ளி வாங்கி, அப்புறம் காயங்களால் விளையாட்டையே விட்டு, பதினாறு வருடம் கழித்து ஸ்கேட்ஸைக் கட்டியவர். ஃபிகர் ஸ்கேட்டிங்கில் இத்தனை வயதில் ஒரு பெண் உலகப் பட்டம் வென்றது இதுவே முதல் முறை. என் கணிப்பு தப்பிப் போனதில் எனக்கு இத்தனை சந்தோஷம் வந்ததே இல்லை.

மார்ச் 22, வெள்ளி

பள்ளி விட்டதும் மகளை அழைத்துக்கொண்டு மெட்ரோவில் பெல் சென்டர். ஹாக்கிக்குப் போயிருக்கிறேன், இது வேறு இடம் போல இருந்தது. தொலைக்காட்சியில் கேட்காத ஒன்று நேரில் கேட்கிறது: பிளேடு பனியைக் கிழிக்கும் ஒலி. சகமோட்டோ எங்கள் பக்கம் திரும்பி வந்தபோது அந்த ஒலி கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அவ்வளவு வேகம், அவ்வளவு அமைதி. 149.67, மொத்தம் 222.96. தொடர்ந்து மூன்றாவது உலகப் பட்டம். பெண்களில் இதற்கு முன் கடைசியாக இதைச் செய்தவர் பெக்கி ஃபிளெமிங், 1966 முதல் 1968 வரை.

ஹென்ட்ரிக்ஸ் முதலிடத்திலிருந்து நான்காவதாக இறங்கினார். 200.25. வெண்கலம் வாங்கிய கொரியாவின் கிம் சே-யோனுக்கு 203.59. கிம் ஷார்ட்டில் ஆறாவது. எங்கள் இருவர் காகிதத்திலும் அவர் பெயர் இல்லை, இருந்திருக்க வேண்டும். போன மாதம் ஷாங்காயில் நான்கு கண்டப் போட்டியில் (ஐரோப்பா அல்லாத நாடுகளுக்கானது) வெள்ளி வாங்கியவர். தாள் கையில் இருந்தும் நான் பார்க்கவில்லை. நல்ல பெயர்களையே பார்த்துக்கொண்டிருந்தால் இப்படித்தான் ஆகிறது.

லெவிட்டோ வெள்ளி. மகள் ஒன்றும் சொல்லவில்லை, என் கையை மட்டும் அழுத்தினாள்.

மார்ச் 23, சனி, நள்ளிரவு தாண்டி

தூக்கம் வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

ஐஸ் டான்ஸை முதலில் முடித்துவிடுகிறேன். அமெரிக்காவின் சாக்-பேட்ஸ் 222.20, கனடாவின் கில்ஸ்-பொய்ரியே 219.68, இத்தாலியின் கினியார்-ஃபாப்ரி 216.52. மகள் மூன்றையும் சரியாக எழுதியிருந்தாள். டிசம்பரில் நடந்த கிராண்ட் ப்ரீ இறுதிப் போட்டியின் வரிசையை நம்பி நான் கடைசி இரண்டையும் மாற்றி எழுதியிருந்தேன். இந்தப் பிரிவில் தனியாள் தாவல்கள் இல்லை, ஒரு நொடியில் பத்துப் புள்ளி பறிபோகாது. அதனால் கணிப்பதும் சுலபம். ஆனாலும் ஃப்ரீ டான்ஸை மட்டும் எடுத்தால் கனடியர்தான் முதல், 133.17-க்கு 132.12. அரங்கம் அவர்களுக்காக இரைந்தது இன்னும் காதில் இருக்கிறது.

இனி ஆண்கள். பத்தொன்பதாவது என்பதால் ஆடம் முதல் குழுவிலேயே வந்தார். பாதி நாற்காலிகள் அப்போதுதான் நிரம்பிக்கொண்டிருந்தன. முதல் தாவல் இறங்கியது, அடுத்தது இறங்கியது, பிறகு ஒவ்வொன்றாக எல்லாம். பாப்கார்ன் வாங்கிக்கொண்டு வந்தவர்கள் படியிலேயே நின்றுவிட்டார்கள். நடுவில் பின்பக்கக் கரணம் ஒன்று அடித்தார். தடை செய்யப்பட்டது, இரண்டு புள்ளி போகும் என்று தெரிந்தே அடித்தார். கவுனாஸிலும் அடித்தார். அது தேவையா என்று அப்போது நான் கேட்டிருந்தேன். இன்று கேட்கத் தோன்றவில்லை. கழித்தும் 206.90. மொத்தம் 284.39.

அப்புறம் காத்திருப்பு. ஒருவர், இன்னொருவர், ஒரு குழு, அடுத்த குழு. யாரும் 284-ஐத் தொடவில்லை. மகள் போனில் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தாள். கடைசிக் குழு பனிக்கு வரும்வரை பலகையில் ஆடமே முதல்.

மலினினைப் பற்றி என்ன எழுத? பத்தொன்பது வயது. ஆறு நான்கு சுற்றுத் தாவல்கள், அதில் ஒன்று ஆக்சல். 227.79. ஃப்ரீ ஸ்கேட்டில் உலகச் சாதனை. 2019-இல் நேதன் சென் வைத்த 224.92 போயிற்று. மொத்தம் 333.76. முடிந்ததும் அவரே நம்பாதவராகத் தலையில் கைவைத்துக்கொண்டார். அடுத்தவர் ககியாமா 309.65, வெள்ளி. தாளை வைத்துப் பார்த்தால் மலினினின் தங்கம் எதிர்பார்த்ததுதான். நேரில் பார்த்தபோது எதிர்பார்த்ததாக எதுவும் இல்லை.

ஊனோ 173.13.

வியாழன் இரவு நான் போட்ட அந்தக் கணக்கு நடந்துவிட்டது. ஒருவர் 175 பக்கம் இறங்க வேண்டும் என்று எழுதினேனே, அந்த ஒருவர் இவர். மொத்தம் 280.85, நான்காவது. ஆடமுக்கு வெண்கலம். பேனாவால் அடிக்கப் போன வரி சரியாகிவிட்டது, மேல் வரியில் இருந்தவரைத் தள்ளிவிட்டு. மகள் "அம்மா, மூணு புள்ளி!" என்று கட்டிக்கொண்டாள். எனக்கு ஆடமுக்காகக் கைதட்ட வேண்டும் போலவும் இருந்தது, ஊனோ குனிந்து நாலா பக்கமும் வணங்கியபோது தொண்டை அடைக்கவும் செய்தது. இரண்டையும் செய்தேன்.

மார்ச் 24, ஞாயிறு

புள்ளிகளைக் கூட்டினோம். பெண்களில் எனக்கு 4, அவளுக்கு 6. ஜோடியில் இருவருக்கும் 5. டான்ஸில் எனக்கு 5, அவளுக்கு 9. ஆண்களில் எனக்கு 6, அவளுக்கு 2. நான் 20, அவள் 22. பரிசாக அவளுக்கு ஸ்கேட்ஸ் பிளேடு தீட்டும் செலவு ஒரு வருடத்துக்கு என்னுடையது. அது எப்போதுமே என்னுடையதுதான் என்று அவளுக்கும் தெரியும்.

முதல் ஆட்டத்தில் நான்கு பிரிவிலும் முன்னால் இருந்தவர்களில் ஜோடியும் டான்ஸும் தங்கத்தைத் தக்கவைத்தன. தனியாள் பிரிவு இரண்டிலும் முதலிடக்காரர் நான்காவதாக முடித்தார். இதைக் காகிதத்தின் அடியில் எழுதி, 2020 காகிதத்தோடு சேர்த்து இழுப்பறையில் வைத்தேன்.

மே 9, 2024, வியாழன்

ஊனோ ஓய்வு அறிவித்துவிட்டார். இருபத்தாறு வயது. 2018 ஒலிம்பிக்கில் வெள்ளி, 2022-இல் வெண்கலம், அடுத்தடுத்து இரண்டு உலகப் பட்டம், போட்டியில் ஃபிளிப் என்ற தாவலை நான்கு சுற்றோடு முதலில் இறக்கியவர். மார்ச் 23 அன்று நாங்கள் பார்த்ததுதான் அவருடைய கடைசிப் போட்டி ஆட்டம்.

மகள் பள்ளியிலிருந்து வந்ததும் இழுப்பறையைத் திறந்து இரண்டு காகிதத்தையும் மேசையில் விரித்தாள். 2020-இல் மூன்றாவது வரி, 2024-இல் இரண்டாவது வரி. அவளுடைய பத்தியில் முதல் வரி. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரு புதுத் தாள் எடுத்து மேலே "பாஸ்டன் 2025" என்று எழுதினாள். டான்ஸில் சாக்-பேட்ஸ் என்று உடனே போட்டாள். ஆண்களில் மலினின் என்று எழுதிவிட்டு, அடுத்த வரிக்கு வந்து பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். நான் அடுப்பைப் பார்க்கப் போனேன்.