டர்பனில் ஜீவனாம்சம் கேட்டுப் போன கதை

நானும் என் துணையும், இருவருமே பெண்கள். ஒரே பாலினத்தவரும் சட்டப்படி இணைய வழிசெய்து 2006-இல் வந்த சிவில் யூனியன் சட்டப்படி, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் பதிவு செய்துகொண்டவர்கள். பிரிந்த பிறகு ஜீவனாம்சம் கேட்கப் போகிறேன் என்றதும் பெரியம்மா, "புருஷன்னு ஒருத்தனே கிடையாது, யார்கிட்டடி கேட்பே?" என்றார்.

தென்னாப்பிரிக்கச் சட்டம் ஆணா பெண்ணா என்று பார்ப்பதில்லை. இந்தச் சட்டப்படி பதிவானவர்களுக்குத் திருமணத்தின் சட்ட விளைவுகள் எல்லாம் உண்டு. ஒருவரை ஒருவர் பராமரிக்கும் கடமையும் அதில் அடக்கம். பதிவில் 'திருமணம்' என்று போட்டாலும் 'சிவில் பார்ட்னர்ஷிப்' என்று போட்டாலும் உரிமை ஒன்றுதான். யாருக்குத் தேவை, யாரால் கொடுக்க முடியும் என்பதுதான் கேள்வி. அவள் மருந்தாளர், நல்ல சம்பளம். நானோ, படுக்கையில் விழுந்த அவள் அம்மாவைப் பார்த்துக்கொள்வதற்காகக் கணக்கர் வேலையை விட்டவள்.

விவாகரத்து வழக்கு போடாமலே மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் ஜீவனாம்சப் பிரிவில் விண்ணப்பிக்கலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. ஜே101 என்று ஒரு படிவம். பெயர், முகவரி எல்லாம் சட்டென்று முடிந்தது. வரவு செலவுப் பட்டியல்தான் உயிரை எடுத்தது. வாடகை, மின்சாரம், ஃபீனிக்ஸ் புறநகரிலிருந்து டவுனுக்கு டாக்சி, மளிகை, மாத்திரை என்று ஒவ்வொன்றும் மாதத்துக்கு எத்தனை ராண்ட் என்று எழுத வேண்டும். கூடவே வங்கிக் கணக்கு விவரம், வாடகை ரசீது, கடை பில். வெள்ளிக்கிழமைப் பூவையும் சூடத்தையும் எழுதலாமா என்று தயங்கி, எழுதியேவிட்டேன். அதிகாரி அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. 'இதர செலவு' என்ற வரியைத்தான் பிரித்துக் காட்டச் சொன்னார்.

அழைப்பாணை அவளுக்குப் போய்ச் சேர்வதற்குத்தான் காலம் பிடித்தது. நடுவில் கோப்பையே காணோம் என்றார்கள். எல்லாவற்றுக்கும் நகல் என்னிடம் இருந்ததால் பிழைத்தேன்.

அவள் சம்பளச் சீட்டோடு வந்தாள். "படித்தவள்தானே, வேலைக்குப் போகட்டுமே" என்றாள். கேட்கக் கசந்தது; ஆனால் சம்பாதிக்கும் திறனும் கணக்கில் வரும் என்பது உண்மை. அத்தனை வருட இடைவெளிக்குப் பிறகு யார் உடனே வேலை தருவார்கள் என்பதைத்தான் நான் எடுத்துச் சொன்னேன். பேரம் மாதிரி இழுபறி நடந்து, கடைசியில் ஒரு தொகைக்கு இருவரும் ஒப்புக்கொண்டோம். மாஜிஸ்திரேட் அதையே உத்தரவாக்கினார். ஒத்துப்போகாவிட்டால் அவர் விசாரித்து முடிவு செய்வார். பணம் அவள் சம்பளத்திலேயே பிடித்தமாகி வந்தது. உத்தரவுப்படி வர வேண்டிய பணம் பத்து நாள் தாண்டியும் வராவிட்டால் சொத்தையோ சம்பளத்தையோ முடக்கக் கேட்கலாம். கொடுக்காமல் இருப்பது குற்றமும்கூட.

அப்புறம் விவாகரத்து. இங்கேதான் கவனம் வேண்டும். பராமரிக்கும் கடமை விவாகரத்தோடு முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகும் பணம் வர வேண்டுமென்றால் 1979-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டப்படி அந்தத் தீர்ப்பிலேயே எழுதியிருக்க வேண்டும். தீர்ப்பில் இல்லையென்றால் பிறகு கேட்க வழியில்லை. "முதலில் பிரிந்துவிடு, பணத்தை மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொன்னவர்கள் எல்லாரும் நல்லவர்கள்தான். அந்தப் பேச்சை மட்டும் கேட்டுவிடாதீர்கள். வயது, எவ்வளவு காலம் சேர்ந்திருந்தார்கள், எப்படி வாழ்ந்தார்கள், இருவரின் வருமானம், பிரிவுக்குக் காரணமான நடத்தை என எல்லாவற்றையும் நீதிமன்றம் பார்க்கும். எனக்குக் கிடைத்தது, ஒரு படிப்பை முடித்து மறுபடி வேலைக்குப் போகும்வரைக்குமான தொகை. இடையில் மறுமணம் செய்துகொண்டால் அதுவும் நின்றுவிடும்.

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் என் சித்தி மகள் பதிவு செய்யாமலே ஒருவரோடு பல வருடமாக வாழ்கிறாள். 2021 டிசம்பர் 31-இல் வந்த ப்வான்யா வழக்கின் தீர்ப்பைக் காட்டி, "எனக்கும் உரிமை உண்டு" என்கிறாள். அரசியல் சாசன நீதிமன்றம் அதில் பேசியது, துணை இறந்துபோனால் அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து கேட்கும் உரிமையைப் பற்றி. உயிரோடு இருக்கும்போதே பிரிந்தால் தானாக ஜீவனாம்சம் வந்துவிடாது. பதிவு செய்ய இஷ்டமில்லை என்றால், ஓர் ஒப்பந்தமாவது எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள் என்று இருவரிடமும் சொல்லியிருக்கிறேன்.