மூக்கோரம் செதில் எழும்புகிறதா? தேய்க்காதீர்கள்

மார்கழிப் பனி தொடங்கியதும் கன்னம் இழுக்கும், வாயைச் சுற்றி வெள்ளையாகச் செதில் எழும்பும். உடனே ஸ்க்ரப்பையோ கடலை மாவையோ தேடிப் போகிறோம். அந்தச் செதில் அழுக்கு இல்லை. நல்ல தோலிலும் தினமும் செல்கள் உதிர்ந்துகொண்டுதான் இருக்கின்றன. ஒவ்வொன்றாக உதிர்வதால் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். செல்களை ஒட்டிவைத்திருக்கும் இணைப்புகளை அறுத்துவிடும் நொதிகளுக்கு ஈரம் வேண்டும். மேல்தோல் காய்ந்தால் அந்த வேலை பாதியில் நின்று, செல்கள் கொத்தாக ஒட்டிக்கொண்டு தகடு தகடாகக் கிளம்புகின்றன. தேய்த்தால் செதிலோடு அடியில் பக்குவப்படாத தோலும் சேர்ந்து வரும்; இரண்டே நாளில் முன்னைவிட அதிகமாக உரியும்.

எதையும் வாங்குமுன் ஜன்னலோரம் நின்று கண்ணாடியில் பாருங்கள். செதில் மெல்லிசாக, மாவு தூவியதுபோல வெள்ளையாக இருந்து, முகம் கழுவியதும் இழுத்துப் பிடித்தால் அது வறட்சி. மூக்கின் இரு பக்க மடிப்பு, புருவம், மீசை தாடி, காதுக்குப் பின்புறம் ஆகிய இடங்களில் லேசாக மஞ்சள் படிந்து, தொட்டால் பிசுபிசுத்து, கீழே தோல் சிவந்திருந்தால் அது வேறு. செபோரிக் டெர்மடைடிஸ் என்பார்கள். பெரும்பாலும் தலையில் பொடுகும் இருக்கும். தோலின் எண்ணெயைத் தின்று வளரும் மலசீசியா என்ற பூஞ்சைக்கு இதில் பங்கு உண்டு. இதை வறட்சி என்று நினைத்துத் தேங்காய் எண்ணெய் தடவினால் பூஞ்சைக்குச் சாப்பாடு போட்ட மாதிரி. தலைக்கு 2 சதவீத கீட்டோகோனசோல் ஷாம்பு, வாரம் இரண்டு முறை, நுரைத்து 3 முதல் 5 நிமிடம் ஊறவிட்டு அலச வேண்டும். முகத்துக்கான கிரீமைத் தோல் மருத்துவர் சொல்லட்டும்.

வறட்சிதான் என்றால் முதலில் மாற்ற வேண்டியது சோப்பு. தோலின் பிஎச் (அமிலமா காரமா என்று காட்டும் அளவு) சுமார் 5. சாதாரண சோப்பின் பிஎச் 9 முதல் 10 வரை. போர் தண்ணீரின் உப்போடு சோப்பு சேர்ந்தால் பக்கெட்டில் படிகிற அதே வெள்ளைப் படிவு முகத்திலும் தங்கும். சோப்பு கலக்காத, வாசனை இல்லாத, அதிகம் நுரைக்காத கிளென்சரை இரவில் ஒரு முறை மட்டும் போடுங்கள். அரை நிமிடம் போதும். காலையில் வெறும் தண்ணீர். வெந்நீர் வேண்டவே வேண்டாம்; குளிருக்குத் தாங்காதென்றால் கை பொறுக்கும் வெதுவெதுப்பு போதும்.

துண்டால் துடைக்காமல் ஒற்றி எடுங்கள். முகம் இன்னும் ஈரமாக இருக்கும்போதே, இரண்டு மூன்று நிமிடத்துக்குள் மாய்ஸ்சரைசர் போட்டுவிட வேண்டும். காய்ந்தபின் போட்டால் பலன் குறையலாம். அளவில்தான் பலரும் கஞ்சத்தனம் காட்டுகிறார்கள். ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் கோடுவரை கிரீமைப் பிதுக்கினால் சுமார் அரை கிராம். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து அதைப்போல இரண்டரை மடங்கு வேண்டும். நெற்றி, கன்னங்கள், மூக்கு, தாடை என்று புள்ளி வைத்து, அழுத்தாமல் பரப்புங்கள். செதில் இருக்கும் இடத்தில் விரலால் ஒற்றினால் போதும். அது பசையோடு படிந்துவிடும், பிய்க்கத் தோன்றாது.

மாய்ஸ்சரைசர் டப்பாவின் பின்பக்கப் பட்டியலில் முதல் ஐந்தாறு பெயர்களுக்குள் கிளிசரின் இருக்கிறதா பாருங்கள். தோலில் இயல்பாகவே இருக்கும் கொழுப்பான செராமைடும் இருந்தால் இன்னும் நல்லது. இரவில் மூக்கோரத்திலும் உதட்டோரத்திலும் மாய்ஸ்சரைசரின் மேல் ஓர் அரிசி அளவு வாசலின். வாசலின் ஈரத்தைத் தராது, இருக்கிற ஈரத்தைப் போகவிடாது. அதனால் எப்போதும் கடைசியாகத்தான் போட வேண்டும். மருந்துக்கடைக் கிளிசரினை அப்படியே தடவாதீர்கள், எரியும்.

வீட்டு வைத்தியத்தில் கற்றாழைக்குத் தாராளமாக இடம் உண்டு. ஆனால் மடலை வெட்டியதும் வழியும் மஞ்சள் பால் தோலை அரிக்கும். அது முழுக்க வடிந்தபின், உள்ளிருக்கும் சோற்றைக் கழுவி எடுங்கள். தடவி விட்டுவிட்டால் காய்ந்து இன்னும் இழுக்கும், மேலே கிரீம் வேண்டும். எலுமிச்சை, முல்தானி மெட்டி இரண்டும் இந்தத் தோலுக்கு ஆகாது. ரெட்டினால், சாலிசிலிக் அமிலம் போடுகிறவர்கள் உரிதல் அடங்கும்வரை நிறுத்தி வையுங்கள்.

தோலின் மேலடுக்கு புதிதாக மாறச் சுமார் இரண்டு வாரம் ஆகும். அதற்குள் நாலு கிரீம் மாற்றினால் எது ஒத்துக்கொண்டது என்றே தெரியாது.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறோம்: யாரோ சொன்னார்கள் என்று பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டு மருந்து கலந்த கிரீமை முகத்தில் போடாதீர்கள். இரண்டு நாளில் செதில் மறையும், முகம் பளிச்சென்று ஆகும், அதில்தான் ஏமாந்துபோகிறோம். வாரக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, நிறுத்தியதும் சிவந்து எரியும். பிறகு அதை மீட்க மாதக்கணக்கில் ஆகும்.

வட்டமாக, ஓரம் தடித்து அரித்தால் படர்தாமரையாக இருக்கலாம்; நீர் கசிந்தாலோ, வெடித்து வலித்தாலோ, இரண்டு வாரத்தில் குறையாவிட்டாலோ தோல் மருத்துவரிடம் போய்விடுங்கள். குழந்தைகளின் கன்னத்தில் லேசான செதிலோடு வெளிறிய திட்டு தெரிந்தால் பல வீடுகளில் பூச்சி மருந்து கொடுப்பார்கள். அதற்கும் வயிற்றுப் பூச்சிக்கும் சம்பந்தமில்லை. தினம் இரண்டு வேளை மாய்ஸ்சரைசர் போடுங்கள், வெயிலில் கறுக்கவிடாதீர்கள். செதில் சீக்கிரம் அடங்கும், நிறம் திரும்பத்தான் சில மாதங்கள் பிடிக்கும்.