நான்கு தொண்டூழியம், ஒன்றரை ஓட்டம்

போன வருடக் கடைசியில் நோட்டை எடுத்துக் கூட்டிப் பார்த்தபோதுதான் வயிறு எரிந்தது. ஒரே வருடத்தில் ஓட்டப் போட்டிகளுக்கு நான் கட்டிய நுழைவுக் கட்டணம் மட்டும் 515 வெள்ளி. ரிங்கிட்டை இங்கே மலேசியாவில் நாங்கள் வெள்ளி என்றுதான் சொல்வோம். பெட்ரோல், டோல், பசியாறியது எதுவும் அதில் சேரவில்லை. அம்மாவிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

“ரோடு வாசல்லயே கெடக்கு. அதுல ஓடுறதுக்கு எவன்கிட்ட காசு கட்டுற?”

பதில் இல்லை. அம்மா 27 வருடம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். பால்மரத்தில் பால் நன்றாக இறங்குவது விடிகாலைக் குளிரில்தான், வெயில் ஏறினால் நின்றுவிடும். அதனால் நாலு மணிக்கு எழுந்து பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கு எடுக்கும் இடத்துக்குப் போய்ப் பேர் கொடுத்து, நெற்றியில் விளக்கு கட்டிக்கொண்டு மரத்துக்குப் போன ஆள். காசு வாங்காமல் யாரும் அந்த நேரத்தில் எழுந்திருக்க மாட்டார்கள் என்பது அவர் கட்சி. காசு கட்டி எழுந்திருக்கிற மகளை என்னவென்று சொல்வது?

எங்கள் ஊர் சுங்கை சிப்புட். ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவில், சுற்றிலும் தோட்டங்கள். பால்மரம் நின்ற இடத்தில் இப்போது பெரும்பாலும் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை. ஒரு ஹார்ட்வேர் கடையில் கணக்கு எழுதுகிறேன், வயது 39, ஓட ஆரம்பித்து மூன்று வருடம். பயிற்சியெல்லாம் எங்கள் குடியிருப்பான தாமானுக்குப் பின்னால் உள்ள செம்மண் சாலையில். எலி பிடிக்க ஆந்தை வளர்ப்பதற்காகக் கம்பத்தின் மேல் மரப்பெட்டி வைத்திருப்பார்கள் இல்லையா, அதுதான் என் கிலோமீட்டர் கல். மூன்றாவது பெட்டியைத் தொட்டுவிட்டுத் திரும்பினால் சரியாக 5 கிலோமீட்டர்.

இலவசமாக ஓடலாம் என்று சொன்னது பெரியம்மா மகன், பாலிடெக்னிக்கில் படிக்கிறான். “அக்கா, ஒருநாள் க்ரூவா போங்க. அடுத்த ஓட்டத்துக்கு ஃப்ரீயா எண்ட்ரி தருவாங்க.” க்ரூ என்றால் ஓட்டம் நடத்துகிறவர்களுக்குத் தொண்டூழியராக உதவும் ஆள். சரி, இந்த வருடம் செய்துதான் பார்ப்போமே என்று இறங்கினேன். செப்டம்பர் வரை நடந்தது இது.

பிப்ரவரி: பை கொடுத்த வேலை

முதல் வேலை ஈப்போவில் ஒரு பேரங்காடியில், போட்டிக்கு முந்தின நாள். எண் அட்டையும் சட்டையும் போட்ட பையை ஓட்டக்காரர்களிடம் எடுத்துக் கொடுக்க வேண்டும். காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை, குளிர்சாதன அறை, மதியம் கோழிச் சோறு. பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சட்டை அளவை மாற்றித் தரச் சொல்லி வருகிறவர்களைச் சமாளிப்பதுதான் முழுநேர வேலை. எல் கேட்டவர்களுக்கு எம் கொடுத்தால் உலகமே முடிந்தமாதிரி பேசுகிறார்கள். நானும் போன வருடம் அப்படித்தான் பேசியிருப்பேன்.

கூலியாக ஒரு இலவச நுழைவுக் குறியீடு. அதே ஏற்பாட்டாளர் நடத்தும் அடுத்த ஓட்டத்தில் எந்தத் தூரத்துக்கும் செல்லும் என்றார்கள். மின்னஞ்சலில் அது வந்து சேர மூன்று வாரம். திறந்து பார்த்தால் 21 கிலோமீட்டர் நிரம்பிவிட்டது, 10 கிலோமீட்டரும் நிரம்பிவிட்டது. மிச்சம் இருந்தது குடும்பத்தோடு ஓடும் 5 கிலோமீட்டர். எழுதிக் கேட்டேன், பதில் வரவில்லை. விடுவதற்கு மனசில்லாமல் போய், ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் ஓடிவிட்டு வந்தேன். தலைப்பில் உள்ள அரை ஓட்டம் அதுதான்.

அப்போதே ஒரு பழக்கம் வந்தது. வேலைக்கு ஒப்புக்கொள்வதற்கு முன்னாலேயே வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேட்டுவிடுவது: எந்த ஓட்டம், எந்தத் தூரம், எனக்கென்று இடம் ஒதுக்குவீர்களா அல்லது வெறும் குறியீடா, பதிவுச் செலவு தனியா, எனக்குப் பதில் வேறு ஆள் ஓடலாமா. கேட்பதற்குக் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் ஒழுங்காக நடத்துகிறவர்கள் ஐந்து நிமிடத்தில் பதில் போடுகிறார்கள்.

ஏப்ரல்: தண்ணீர் மேசை

இதைத்தான் விலாவாரியாக எழுத ஆசை. இது வேறு ஏற்பாட்டாளர், ஈப்போவில் 21 கிலோமீட்டர் ஓட்டம், எனக்குக் கிடைத்தது 14-ஆவது கிலோமீட்டர் தண்ணீர் மேசை. கூலி, ஆகஸ்ட்டில் அவர்களே நடத்தும் 21 கிலோமீட்டரில் ஓர் இடம், பெயரோடு ஒதுக்கப்பட்டது. அதிகாலை ஒரு மணிக்கு வந்து நிற்க வேண்டும். பன்னிரண்டு மணிக்கு நான் கிளம்பியபோது அம்மா எழுந்து உட்கார்ந்து, “எத்தன மணிக்குப் பெரட்டு?” என்று கேட்டார். சொன்னேன். சிரித்துக்கொண்டே மறுபடி படுத்துவிட்டார்.

நாங்கள் பத்துப் பேர், நான்கு மேசை, மூன்று பெரிய நீலத் தண்ணீர்த் தோம்பு, ஐஸ் மூட்டை, அட்டைப் பெட்டி அட்டைப் பெட்டியாகக் காகிதக் கப். 900 பேர் வருவார்கள், ஆளுக்கு இரண்டு கப் என்று வையுங்கள் என்றார் மேசைத் தலைவர், ஓய்வுபெற்ற ஒரு மலாய் ஆசிரியர். நான் கப்பை விளிம்பு வரை ஊற்ற ஆரம்பித்தேன். அவர் வந்து ஒன்றைத் தூக்கி, ஓடுகிறவர் மாதிரி கையை வீசிக் காட்டினார். பாதித் தண்ணீர் என் சட்டையில். அதற்கப்புறம் பாதிதான் ஊற்றினேன்.

1,800 கப்பை நான்கு மேசையில் பரப்ப முடியாது. ஒரு வரிசை கப்பை நெருக்கமாக அடுக்கி, அதன்மேல் அட்டைப் பலகை, அதன்மேல் இன்னொரு வரிசை, மறுபடி அட்டை. மூன்று மாடி. பாதி ஊற்றிய கப்தான் இதைத் தாங்கும், நிறைத்திருந்தால் அட்டை நனைந்து மொத்தமும் சரிந்துவிடும். சத்துப்பானம் முதல் இரண்டு மேசையில், வெறும் தண்ணீர் கடைசி இரண்டில். தலையில் ஊற்றிக்கொள்கிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு சத்துப்பானத்தை ஊற்றிக்கொண்டால் என்ன ஆகும் என்பதையும் அன்றைக்குப் பார்த்தேன். பாவம், ஏழு கிலோமீட்டர் பிசுபிசுப்போடு ஓடியிருப்பார்.

கையில் கொடுப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. கப்பைச் சுற்றிப் பிடித்து நீட்டினால், ஓடி வருகிறவர் நம் விரலோடு சேர்த்துப் பிடுங்குவார். விளிம்பை இரண்டு விரலால் லேசாகக் கிள்ளிப் பிடிக்க வேண்டும், அல்லது உள்ளங்கையில் வைத்து நீட்ட வேண்டும். அவர் வரும்போது நம் கையும் அவர் போகும் பக்கமாகவே கொஞ்சம் நகர வேண்டும். முதல் அரை மணி நேரத்தில் எனக்கு ஏழெட்டு கப் போனது. “ஆயர்! ஆயர்!” என்று மலாயில் கத்திக் கத்தித் தொண்டை கட்டியது. தமிழ் முகம் தெரிந்தால் “தண்ணி, தண்ணி” என்பேன். ஒருவர் திரும்பிப் பார்த்து, “மோர் இல்லயா?” என்று கேட்டுவிட்டு ஓடினார்.

ஓடும்போது தெரியாத ஒன்று மேசைக்குப் பின்னால் நின்றால் தெரிகிறது. எல்லாரும் முதல் மேசையில்தான் மோதுகிறார்கள். நாலாவது மேசை காற்று வாங்குகிறது. வேகமாகப் போகிறவர்கள் கப்பின் விளிம்பைக் கிள்ளிக் கிளி மூக்கு மாதிரி ஆக்கி, சின்னச் சின்ன வாயாகக் குடித்துக்கொண்டே போகிறார்கள். என்னைப்போன்றவர்கள் ஓடிக்கொண்டே அண்ணாந்து ஊற்றி, புரையேறி, இருமி, கடைசியில் நின்றுவிடுகிறார்கள். இரண்டு மணி நேரத்தைத் தாண்டி வந்தவர்களில் பத்து எட்டு நடந்து, நிதானமாகக் குடித்துவிட்டு ஓடியவர்கள்தான் மூச்சு சீராகப் போனார்கள். மூன்று வருடமாக நான் செய்துவந்தது புரையேறும் ரகம்.

கடைசி ஆள் போனதும்தான் உண்மையான வேலை. சாலையில் மிதிபட்ட கப், காலை வைத்தால் ஒட்டுகிற சத்துப்பானம். ஈர்க்குமாற்றை எடுத்து நான் பெருக்க ஆரம்பித்ததும் கூட வந்த கல்லூரிப் பிள்ளைகள் வேடிக்கை பார்த்தார்கள். ஈர்க்குமாறு பிடிக்கத் தெரியாத தலைமுறை வந்துவிட்டது. வீட்டுக்கு வந்தபோது மணி பத்து. மறுநாள் போக வேண்டிய 16 கிலோமீட்டர் பயிற்சி போகவில்லை, அதற்கடுத்த நாளும் இல்லை. எட்டு மணி நேரம் நின்ற கால் ஓடிய காலைவிட மோசமாக வலிக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஜூன்: தைப்பிங், மழை

தைப்பிங் ஏரிப் பூங்காவைச் சுற்றி ஓட்டம், நான் ஒரு சந்தியில் வழிகாட்டி, அவர்கள் பாஷையில் மார்ஷல். இதற்கு நுழைவு கிடையாது, 50 வெள்ளியும் சட்டையும் நாசி லெமாக்கும். மழைக்குப் பேர்போன ஊரில் குடை கொண்டுபோகாதது என் தப்பு. அதைவிடப் பெரிய தப்பு இன்னொன்று. ஆரஞ்சு எண் அட்டை என்றால் 10 கிலோமீட்டர், இடப்பக்கம். சிவப்பு என்றால் 21, நேராக. மஞ்சள் தெருவிளக்குக்குக் கீழே மழையில் ஆரஞ்சும் சிவப்பும் ஒன்றாகத்தான் தெரிந்தன. மூன்று ஆரஞ்சுக்காரர்களை நேராக அனுப்பிவிட்டேன். முன்னால் இருந்த காவல்காரர் விசிலடித்துத் திருப்பி அனுப்புவதற்குள் 800 மீட்டர் போயிருந்தார்கள். திரும்பி வந்த ஒரு பையன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. மன்னிப்புக் கேட்டேன், அவன் நிற்கவில்லை. அதற்கப்புறம் நிறத்தைப் பார்க்காமல் எண்ணைப் பார்த்தேன். ஆயிரத்தில் தொடங்குவது ஒரு தூரம், மூவாயிரத்தில் தொடங்குவது இன்னொரு தூரம் என்று விளக்கக் கூட்டத்திலேயே சொன்னதுதான், காதில் வாங்கவில்லை.

ஆகஸ்ட்: என் ஓட்டம்

ஏப்ரல் கூலியில் ஓடிய 21 கிலோமீட்டர். பழைய நேரம் 2 மணி 44 நிமிடம். இந்த முறை 2 மணி 36 நிமிடம், அதாவது கிலோமீட்டருக்கு 7 நிமிடம் 24 விநாடி. பயிற்சி ஒன்றும் கூடவில்லை, சொல்லப்போனால் குறைந்துதான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் முதல் மேசையை விட்டுக் கடைசி மேசைக்குப் போனேன், கிளி மூக்குக் கப், பத்து எட்டு நடை. ஒரு தடவைகூடப் புரையேறவில்லை. எட்டு நிமிடமும் அதிலிருந்தா வந்தது என்றால் சத்தியம் செய்ய மாட்டேன், அன்றைக்கு வெயிலும் ஏறவில்லை. காலிக் கப்பைத் தொட்டி தேடிப் போட்டேன், பெருக்கினவளுக்குத்தான் தெரியும்.

செப்டம்பர்: கடைசி ஆளுக்குப் பின்னால்

21 கிலோமீட்டர் ஓட்டத்தில் கடைசி ஓட்டக்காரருக்குப் பின்னால் போகும் வேலை. ஓடி முடிக்க வரம்பு மூன்றரை மணி நேரம், அதாவது கிலோமீட்டருக்குப் பத்து நிமிடம். 1998 கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில் 50 கிலோமீட்டர் வேகநடையில் தங்கம் வாங்கிய நம் ஜி. சரவணன் அதை 4 மணி 10 நிமிடத்தில் நடந்தார். கிலோமீட்டருக்கு ஐந்து நிமிடம், நடந்தே! நான் ஓடினாலும் அது வராது. பத்து நிமிட வேகத்தில் மூன்றரை மணி நேரம் போவதும் லேசில்லை, ஓடவும் முடியாது, நடக்கவும் முடியாது, இடுப்பு கழன்றுவிடும்.

என் கடைசி ஆள் அறுபது வயதுச் சீன அக்கா. பின்னாலேயே போனேன். ஒன்பதாவது கிலோமீட்டரில் திரும்பி மலாயில் சொன்னார்: பின்னால் லாரி வருவதுபோல இருக்கிறது, கொஞ்சம் தள்ளி வா. முப்பது மீட்டர் தள்ளிப் போனேன். அதற்கப்புறம் அவர் வேகம் கூடிவிட்டது. வரம்புக்கு நான்கு நிமிடம் முன்னால் முடித்து, எனக்கும் சேர்த்து இரண்டு மைலோ வாங்கி வந்தார்.

இந்த வேலைக்குக் கூலி வரும் ஜனவரியில் ஒரு 21 கிலோமீட்டர். இன்னும் கைக்கு வரவில்லை.

கணக்கு

கணக்கு எழுதுகிறவள் கணக்குப் போடாமல் இருக்க முடியுமா? நான்கு வேலை, 26 மணி நேரம். மிச்சமானது 5 கிலோமீட்டருக்கு 50 வெள்ளி, 21-க்கு 95, தைப்பிங்கில் கையில் வந்த 50. மொத்தம் 195. வேலைக்குப் போய்வந்த பெட்ரோலும் சாப்பாடும் 90. ஆக 105 வெள்ளி, மணிக்கு நான்கு வெள்ளி. ஜனவரி ஓட்டம் கிடைத்தால் 7 வெள்ளி 70 காசு. 2025 பிப்ரவரியிலிருந்து நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700, மணிக்கு 8 வெள்ளி 72 காசு. ஆக, என் ‘இலவசம்’ அதற்கும் கீழே.

அமெரிக்காவிலும் இப்படி உண்டு. நியூயார்க் மாரத்தானில் இடம் உறுதியாக வேண்டுமென்றால் ஒரு வழி, அவர்களுடைய ஒன்பது ஓட்டம் ஓடி, ஒன்றில் தொண்டூழியம் செய்வது. ஆனால் கட்டணம் கட்டித்தான் ஆக வேண்டும். கலிபோர்னியாவில் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் என்ற 100 மைல் ஓட்டத்துக்கு எட்டு மணி நேரத் தொண்டூழியம் கட்டாயம், அதற்கும் கட்டணத்தில் தள்ளுபடி இல்லை. அங்கே தொண்டூழியம் வாசல் கதவு, இங்கே கூலி. என்னைக் கேட்டால் கூலி என்று வெளிப்படையாகச் சொல்வதே நல்லது. கூலி என்றால் எவ்வளவு, எப்போது என்று கேட்கலாம். தொண்டு என்றால் கேட்க வாய் வராது.

அம்மாவிடம் மணிக்கு நான்கு வெள்ளி என்றேன். “கிராணி ஒன்ன நல்லா ஏமாத்திட்டான்” என்றார். கிராணி என்றால் தோட்டத்துக் கணக்குப்பிள்ளை. ஜனவரிக்கு முன்னால் இன்னொரு வேலைக்குப் பேர் கொடுத்திருக்கிறேன், தண்ணீர் மேசை, நாலாவது மேசையாகப் பார்த்துக் கேட்டிருக்கிறேன். இதுவரை சேர்ந்த க்ரூ சட்டைகள் நான்கு. அதில் மஞ்சள் சட்டையை அம்மா எடுத்துக்கொண்டார். சாயங்காலம் மிளகாய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது அதைத்தான் போட்டுக்கொள்கிறார், முதுகில் பெரிய எழுத்தில் ‘மார்ஷல்’.