ஓவியத்தைப் பார்ப்பதற்கும் ஓர் ஊர் வேண்டும்

இலங்கையின் வடக்கே வன்னியில், முல்லைத்தீவு மாவட்டத்து முள்ளியவளைப் பக்கத்தில் நெடுங்காலம் கோயில் வாகனங்களுக்கும் கடைப் பலகைகளுக்கும் வர்ணம் தீட்டி வாழ்ந்து, இப்போது பிள்ளைகளுக்குச் சித்திரம் பழக்கிவரும் ஓவியர் ஒருவருடன் அண்மைக்காலமாக அடிக்கடி உரையாடக் கிடைக்கிறது. பெயரைக் குறிப்பிட வேண்டாமென்று அவர் கேட்டுக்கொண்டதால், ஊரார் அழைப்பதுபோல் மாஸ்டர் என்றே எழுதுகிறேன். படைப்பாற்றல் பிறவியிலேயே ஒருவருக்கு வாய்த்துவிடுகிற வரம் என்பதை அவர் ஏற்பதில்லை. எவ்வளவு கைத்திறன் இருந்தாலும், "குதிரையின் பின்னங்கால் பிழை" என்று உரிமையோடு சொல்லக்கூடிய கண்கள் ஊரில் இல்லாவிட்டால் அது வளராது என்பதே அவருடைய உறுதியான கருத்து.

இந்த எண்ணம் அவருக்குக் கோயில் வீதியிலும் கூத்துக் களரியிலும் உண்டானது. வற்றாப்பளைக் கண்ணகை அம்மனின் வைகாசிப் பொங்கலுக்குத் திரளும் சனம் கோவலன் கதையை ஏட்டில் படித்து அறிந்ததல்ல. கூத்தாகப் பார்த்தும் பாட்டாகக் கேட்டும் அறிந்தது. ஆகவே கூத்தர் அணியும் கிரீடத்தில் ஒட்டிய கண்ணாடித் துண்டு இடம் மாறினால்கூட அதைக் கண்டுபிடிக்கும் கிழவிகள் முன்வரிசையில் இருந்தார்கள். அவர்களே தன்னுடைய முதல் விமர்சகர்கள் என்று மாஸ்டர் சொல்வதை நான் முழுமனதோடு நம்புகிறேன்.

பிள்ளைகளின் படங்களைப் பற்றிப் பேசும்போதுதான் அவருக்குக் கோபம் வருகிறது. கண்ணுக்கெட்டிய தூரம்வரை வயலும் காடும் குளக்கட்டுமாகச் சமதரையாய்க் கிடக்கும் வன்னியில், இயற்கைக் காட்சி வரையச் சொன்னால் பிள்ளைகள் முதலில் இரண்டு முக்கோண மலைகளைப் போட்டு, நடுவே சூரியனை வைக்கிறார்கள். போட்டிகளில் பரிசு பெற்ற படங்களைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கை அது. அவர்கள் தங்கள் ஊரை இன்னும் பார்க்கத் தொடங்கவில்லை என்கிறார் அவர். அதனால் அவருடைய வகுப்பில் முதல் மாதம் வர்ணமே கிடையாது. குளக்கட்டில் நிற்கும் மருத மரத்தையோ, பாலைப் பழம் பொறுக்குபவர்களையோ, களத்தில் அறுத்த நெற்கதிரைச் சூடாகக் குவித்து வைத்திருப்பதையோ கரித்துண்டால் மட்டும் வரைய வேண்டும். பிறகு எல்லாப் படங்களையும் நிலத்தில் பரப்பி, பிள்ளைகளே ஒருவர் படத்தைப் பற்றி மற்றவர் பேச வேண்டும். எந்தப் படத்துக்கும் புள்ளி போடுவதில்லை. பெற்றோர் சிலருக்கு இது பிடிப்பதில்லை. சாதாரண தரப் பரீட்சைக்கு உதவுமா என்றே கேட்கிறார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இல்லையென்று சொல்லிவிட முடியாது.

வன்னி ஓவியர் என்றதும் வெளியிலிருந்து வருபவர்கள் 2009 இல் இறுதிப் போர் நடந்த முள்ளிவாய்க்காலை மட்டுமே எதிர்பார்ப்பதும் அவரை வருத்துகிறது. அந்த ஆண்டை வரையாமல் இருக்க முடியாது என்பதில் அவருக்கு ஐயமில்லை. ஆனால் எப்போது, எவருக்காக வரைவது என்பதை வரைபவரே தீர்மானிக்க வேண்டும் என்கிறார். போரில் தம் படைப்புகள் பலவற்றை இழந்த ஓவியர் அ. மாற்கு (1933–2000) அவர்களை இந்த இடத்தில் அவர் நினைவுகூர்கிறார். ஓவியங்கள் அழிந்தாலும், மாற்குவிடம் பழகிய மாணவர்களின் கைகளில் அவருடைய பார்வை எஞ்சியது என்பதே இவருக்குப் பெரிய பாடம்.

யாழ்ப்பாணத்தில் 1938 இலேயே எஸ். ஆர். கனகசபை வின்சர் ஓவியக் கழகத்தைத் தொடங்கி, ஆர்வமுள்ளோர் கூடி வரைவதற்கு ஓரிடத்தை உண்டாக்கினார். வன்னியிலும் அப்படியொரு கூட்டம் வேண்டும் என்பதே மாஸ்டரின் ஆசை. அதற்குப் புதிய மண்டபம் எதுவும் தேவையில்லை, சனசமூக நிலையத்தின் ஒரு சுவரும் மாதத்தில் ஒரு மாலையும் போதும் என்கிறார். 2019 இன் இறுதியில் நாடெங்கும் இளைஞர்கள் மதில்களில் வரைந்தபோது அவர் முதலில் மகிழ்ந்தார். ஆனால் அந்த மதில்களுக்குப் பக்கத்தில் வாழ்பவர்களிடம் எதை வரையலாம் என்று கேட்கவில்லையே என்ற குறை அவருக்கு இன்றும் இருக்கிறது.

ஒன்றில் மட்டும் நான் அவரோடு உடன்படவில்லை. ஊர் பார்த்தால் போதும், கலை தானாக வாழும் என்கிறார். டிஜிட்டல் பதாகைகள் வந்தபின் பலகை எழுதியவர்கள் தொழிலை இழந்ததையும், அவர்களிற் பலர் மேசன் வேலைக்குப் போனதையும் நாங்கள் இருவருமே கண்டோம். அப்போதும் ஊர் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. பார்க்கின்ற ஊர் கூலியும் கொடுக்க வேண்டும். கோயில் திருப்பணிக்கு வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புகிற எங்கள் உறவுகள், வாகனத்துக்கு வர்ணம் தீட்டுகிற வேலையை உள்ளூர்க் கைகளுக்கே கொடுக்கும்படி நிருவாக சபைகளிடம் கேட்டால், மாஸ்டரிடம் பழகும் பிள்ளைகளில் இரண்டு மூன்று பேராவது இதையே தொழிலாகக் கொள்ள முடியும்.