ஐ டயாகிராமுக்கு முன்னால் தாழ்நிலை வோல்டேஜைப் பாருங்கள்

டிடிஆர்4 மெமரி சிமுலேஷனில் ஐ டயாகிராம் (பிட்டுகளின் அலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கண் வடிவப் படம்) மோசமாக வந்தால் பலர் உடனே ரூட்டிங்கில், அதாவது போர்டில் லைன்கள் ஓடும் பாதையில், கை வைக்கிறார்கள். முதலில் பஃபர் மாடலைப் (சிப்பின் பின் எப்படி அனுப்பும், வாங்கும் என்பதன் மாதிரி) பாருங்கள். மெமரி சிப்பின் ஐபிஸ் ஃபைலில் (இந்த மாடல்கள் அடங்கிய ஃபைல்) ஒரே டிக்யூ பின்னுக்கு, அதாவது டேட்டா பின்னுக்கு, பல மாடல்கள் இருக்கும். நீங்கள் எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் மாடல் செலக்டரில் முதலாவதாக இருப்பதுதான் ஓடும். அது உங்கள் போர்டுக்குப் பொருந்துமா என்பது வேறு விஷயம்.

டிக்யூ_34_ஓடிடி60_2400 என்பது போன்ற பெயர் இருந்தால், அனுப்பும்போது 34 ஓம், வாங்கும்போது சிப்புக்குள்ளேயே 60 ஓம் டெர்மினேஷன் (ஓடிடி: எதிரொலியைத் தடுக்கும் ரெசிஸ்டர்), வேகம் நொடிக்கு 2400 மெகாபிட் என்று வாசிக்கவேண்டும். ரைட்டுக்கு (மெமரியில் எழுதும்போது) மெமரிப் பக்கம் ஓடிடி உள்ள மாடல். ரீடுக்கு அதே பக்கம் 34 அல்லது 48 ஓம் டிரைவர், ஓடிடி கன்ட்ரோலரில். இரண்டு ரேங்க் (ஒரே டேட்டா லைன்களைப் பகிரும் சிப் தொகுதிகள்) என்றால் சும்மா இருக்கும் ரேங்குக்கும் அதன் ஓடிடி மதிப்பைக் கொடுக்கவேண்டும். அதிகம் மறக்கப்படுவது இதுதான்.

மாடல் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்க்க ஒரு கால்குலேட்டர் போதும். டிடிஆர்4-இல் டிக்யூ லைனின் டெர்மினேஷன் 1.2 வோல்ட்டுக்குப் போகிறது, டிடிஆர்3 மாதிரி பாதி வோல்டேஜுக்கு அல்ல. 34 ஓம் டிரைவர், 60 ஓம் ஓடிடி என்றால் தாழ்நிலை 1.2 × 34 ÷ 94, சுமார் 0.43 வோல்ட். உயர்நிலை 1.2. நடுவே 0.82, விரெஃப் (0 அல்லது 1 என்று பிரிக்கும் ஒப்பு வோல்டேஜ்) அங்கேதான் நிற்கவேண்டும். அலை 0 வரை இறங்கினால் ஓடிடி ஏறவில்லை, ரூட்டிங்கைத் திட்டிப் பயனில்லை. அலை சரியாக இருந்தும் பழைய பழக்கத்தில் 0.6-இல் விரெஃப் வைத்தால், 2400-க்கு உரிய 130 மில்லிவோல்ட் மாஸ்க் (அலை நுழையக்கூடாத பகுதி) கண்ணின் கீழ்விளிம்பை நெருங்கிவிடும்.

அட்ரஸ் லைனுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதில் சிப் வரிசையின் கடைசியில் 0.6 வோல்ட்டுக்குப் போகும் ரெசிஸ்டர் போர்டிலேயே இருக்கும். கடைமடைதான் காயும் என்பது தாமிரபரணிக் கால்வாய்க்குச் சரி. சிப்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தொட்டுச் செல்லும் ஃப்ளை-பை வரிசையிலோ பெரும்பாலும் முதல் சிப்தான் அடிவாங்குகிறது. பின்னால் நிற்கும் ஒவ்வொரு சிப்பின் லோடிலிருந்தும் எதிரொலி அதன்மேல்தான் வந்து விழும்.

பணகுடிப் பக்கம் காற்றாலையடியில், சித்திரை வெயிலில் மூடிய பெட்டிக்குள் நிற்கப்போகும் போர்டுக்கு டிப்பிக்கல் கார்னர் (வோல்டேஜும் சூடும் சராசரியாக உள்ள நிலை) மட்டும் ஓட்டினால் போதாது. ஐபிஸில் மின் (min, மினிமம்) என்பது மெதுவான கார்னர்: குறைந்த வோல்டேஜ், கூடிய சூடு. ஆனால் சி_காம்ப் (பேக்கேஜ் நீங்கலாகப் பின்னில் உள்ள கெப்பாசிட்டன்ஸ்) வரியில் மட்டும் மின் என்பது எண்ணில் சிறியது. மெதுவான கார்னரோடு பெரிய சி_காம்ப் சேர்கிறதா என்று டூல் செட்டிங்கில் பாருங்கள்.

வேகம் கூடினால் இன்னொரு வில்லங்கம். 3200-இல் ஒரு பிட் 312.5 பிக்கோசெகண்ட்தான். அலை நேரத்தோடு எப்படி மாறும் என்று ஐபிஸில் சொல்லும் வேவ்ஃபார்ம் டேபிளின் தொடக்கத்தில் ஒன்றும் நடக்காமல் 400 பிக்கோசெகண்ட் கிடந்தால், முந்தைய எட்ஜ் முடியுமுன்னே அடுத்தது வந்துவிடும், அலை கோணலாகும். அந்த வெற்று நேரத்தை வெட்டலாம். ஏறும் டேபிள், இறங்கும் டேபிள் எல்லாவற்றிலும் ஒரே அளவு வெட்டுங்கள், இல்லையேல் டியூட்டி சைக்கிள் (1-உம் 0-உம் நிற்கும் நேரப் பங்கு) பிசகும்.

பேக்கேஜுக்குத் தனியாக எஸ்-பாராமீட்டர் (அதிர்வெண் வாரியான மாடல்) சேர்த்தால் ஐபிஸில் உள்ள ஆர், எல், சி மதிப்புகளை அணைத்துவிடுங்கள்; இரண்டும் இருந்தால் பேக்கேஜ் இரண்டு முறை எண்ணப்படும். பவர் நாய்ஸும் பார்க்கவேண்டும் என்றால் ஐபிஸ் 5.0 அல்லது அதற்குமேல், காம்போசிட் கரன்ட் (பவர் பின்னில் ஓடும் கரன்ட்) டேபிள் உள்ள மாடலாகக் கேட்டு வாங்குங்கள். 5.0 என்று தலைப்பில் போட்டுவிட்டு அந்த டேபிளே இல்லாத ஃபைலும் வரும், திறந்து தேடிப் பாருங்கள்.