குளிர்காலம் முழுக்க நின்ற ஆர்எக்ஸ்-8: செல்ஃப் எடுக்கிறது, ஸ்டார்ட் ஆகவில்லை

வண்டி 2004 மாஸ்டா ஆர்எக்ஸ்-8, ஆறு கியர் மேனுவல். என்ஜின் 13பி-எம்எஸ்பி ரெனெசிஸ், அதாவது பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுற்றும் ரோட்டரி வகை: இரண்டு ரோட்டர், தலா 654 சிசி. கனடாவின் ஒன்டாரியோவில் சாலைக்கு உப்பு போடத் தொடங்கும் நவம்பரில் ஷெட்டுக்குள் போனது, ஏப்ரலில்தான் வெளியே வர வேண்டும். நடுவில் இடம் மாற்றுவதற்காக ஒருமுறை ஸ்டார்ட் செய்து, பத்தடி நகர்த்தி, உடனே அணைத்திருக்கிறது. இப்போது சாவியைத் திருப்பினால் செல்ஃப் நன்றாகவே எடுக்கிறது, ஆனால் என்ஜின் பிடிக்கவில்லை. சைலன்சர் பக்கம் போனால் பச்சைப் பெட்ரோல் வாடை.

அந்தப் பத்தடி நகர்த்தல்தான் இங்கே முக்கியமான தகவல். குளிர்ந்த என்ஜினுக்குக் கணினி பெட்ரோலைத் தாராளமாக அடிக்கும். சூடேறுவதற்குள் அணைத்துவிட்டால் எரியாத பெட்ரோல் உள்ளேயே தங்கி, ஹவுசிங் (ரோட்டர் சுற்றும் கூடு) சுவரிலுள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும். ரோட்டரின் மூன்று முனைகளிலும் இருக்கும் அபெக்ஸ் சீல்கள் அந்தப் படலத்தின் துணையோடுதான் காற்றை அடைத்து நிறுத்துகின்றன. படலம் போனால் கம்ப்ரஷன் (உள்ளே காற்று அழுந்தும் அளவு) விழும், கம்ப்ரஷன் விழுந்தால் பற்றாது, பற்றாத ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் பெட்ரோல் உள்ளே இறங்கும். ஆகவே 'இன்னொரு தடவை அடித்துப் பார்ப்போம்' என்று சாவியைத் திருப்பிக்கொண்டே இருக்கக் கூடாது. இரண்டு முறை பிடிக்கவில்லை என்றால் சாவியை எடுத்து வைத்துவிட வேண்டும்.

முதலில் பேட்டரி. சும்மா இருக்கும்போது 12.2 வோல்ட் காட்டியது. சாதாரண காருக்கு அது போதும், ரோட்டரிக்குப் போதாது. இந்த என்ஜினின் கம்ப்ரஷன் செல்ஃப் சுற்றும் வேகத்தைப் பொறுத்தது. வேகம் குறைந்தால் சீல்களைத் தாண்டிக் காற்று கசிய நேரம் கிடைத்துவிடுகிறது. மாஸ்டா கம்ப்ரஷன் அளவுகளை 250 ஆர்பிஎம்முக்கு என்று குறிப்பிட்டுத் தருவதும் அதனால்தான். ஆரம்ப வருட ஆர்எக்ஸ்-8களுக்குப் பிற்பாடு வலுவான ஸ்டார்ட்டர் மோட்டார் வெளிவந்தது. பழைய மோட்டார் இன்னும் இருந்தால் மாற்றிவிடுவது நல்லது. இங்கே பேட்டரியை இரவு முழுக்கச் சார்ஜ் போட்டு 12.7க்குக் கொண்டுவந்து, கூடவே இன்னொரு காரிலிருந்து ஜம்பர் கேபிளும் கொடுத்தாயிற்று. செல்ஃப் அடிக்கும்போது மீட்டர் 10.5க்குக் கீழே இறங்கவில்லை.

காற்று வடிகட்டிப் பெட்டியையும் இந்தச் சமயத்தில் திறந்து பார்த்துவிட வேண்டும். மாதக்கணக்கில் நின்ற வண்டியில் எலி கூடு கட்டியிருப்பது சகஜம். இதில் சுத்தமாக இருந்தது.

அடுத்தது பெட்ரோலை நிறுத்துவது. எரிபொருள் பம்பின் ஃப்யூஸைப் பிடுங்கினோம். ஆக்சிலரேட்டரைத் தரைவரை மிதித்துக்கொண்டு செல்ஃப் அடித்தாலும் ரெனெசிஸின் கணினி இன்ஜெக்டர்களை அணைத்துவிடும், ஆனால் பிளக்கைக் கழற்றிவிட்டுச் செய்கிற வேலைக்கு ஃப்யூஸை எடுப்பதே பாதுகாப்பு. நான்கு இக்னிஷன் காயில்களின் கனெக்டர்களையும் கழற்றியாக வேண்டும். பிளக் துளை வழியாகப் பெட்ரோல் ஆவி பீய்ச்சும் இடத்தில் ஒரு பொறி போதும், தீப்பிடிக்க. ஷெட்டுக் கதவு முழுதாகத் திறந்திருக்கட்டும், தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

பிளக்குகள் என்ஜினின் இடப் பக்கம். இடது முன் சக்கரத்தைத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றினால் கை நன்றாகப் போகும். 21 மிமீ பிளக் சாக்கெட்டும் ஒரு நீள எக்ஸ்டென்ஷனும் வேண்டும். ஒவ்வொரு ரோட்டருக்கும் இரண்டு பிளக்: கீழே இருப்பது லீடிங், மேலே டிரெயிலிங். வயர்களில் டேப் ஒட்டி எல்1, டி1, எல்2, டி2 என்று எழுதிய பிறகே கழற்றினோம். வெளியே வந்த நான்கும் கருகருவென்று, நனைந்து, முனையில் பெட்ரோல் சொட்டு நின்றது. ஆக, பெட்ரோல் வருகிறது. பம்பைச் சந்தேகப்பட வேண்டியதில்லை.

பிளக் இல்லாமல் பத்து விநாடி செல்ஃப் அடித்து, ஒரு நிமிடம் ஸ்டார்ட்டரை ஆறவிட்டு, மறுபடி பத்து விநாடி. முதல் சுற்றில் துளைகளிலிருந்து புகை மாதிரிப் பெட்ரோல் தூவல் வந்தது. மூன்றாம் சுற்றில் வெறும் காற்று. அந்தக் காற்றின் சத்தத்தைக் கவனித்துக் கேட்க வேண்டும்: ஒவ்வொரு ரோட்டருக்கும் மூன்று முகம், ஆகவே ஒரே அளவிலான மூன்று 'புஸ்' மாறிமாறி வர வேண்டும். இரண்டு பலமாகவும் ஒன்று மந்தமாகவும் வந்தால் ஏதோ ஒரு சீல் சிக்கியிருக்கிறது அல்லது உடைந்திருக்கிறது. இதில் மூன்றும் சமமாக, ஆனால் மூன்றுமே மெலிந்து கேட்டன. கழுவப்பட்ட என்ஜினின் அடையாளம் இதுதான்.

இனி எண்ணெய். ஒரு சிரிஞ்சில் மெல்லிய ரப்பர்க் குழாய் மாட்டி, லீடிங் துளை வழியாக ஒரு முகத்துக்கு 3 மில்லி டூ-ஸ்ட்ரோக் ஆயில். ரோட்டர் ஒருமுறை சுற்ற எக்சென்ட்ரிக் ஷாஃப்ட் (ரோட்டர்கள் சுழற்றும் நடு அச்சு) மூன்று முறை சுற்றுகிறது. ஆகவே முன்னால் புல்லி போல்ட்டில் சாக்கெட் போட்டு, முன்னாலிருந்து பார்க்கையில் கடிகாரத் திசையில் ஒரு முழுச் சுற்று திருப்பினால் அடுத்த முகம் துளைக்கு நேரே வரும். இரண்டு ரோட்டருக்கும் இப்படி மூன்று முறை. மொத்தம் 18 மில்லி. இதற்கு மேல் ஊற்றினால் புதுப் பிளக்கை எண்ணெய் நனைத்துவிடும். ஊற்றிய பிறகு ஐந்து விநாடி செல்ஃப் அடித்ததில் 'புஸ்' சத்தம் 'டப்' என்று கெட்டியானது. சத்தத்தில் இந்த மாற்றம் தெரிந்த பிறகுதான் பிளக் போட வேண்டும்.

நனைந்த பிளக்கைத் துடைத்துப் போட்டு மிச்சம் பிடிப்பதில் பயன் இல்லை. லீடிங்குக்கு என்ஜிகே ஆர்இ7ஏ-எல், டிரெயிலிங்குக்கு ஆர்இ9பி-டி. இரண்டையும் இடம் மாற்றிப் போடவே கூடாது. வெப்ப அளவு வேறு. ஹவுசிங் அலுமினியம், மரை சீக்கிரம் சிதைந்துவிடும். முதலில் கையாலேயே முழுதாகத் திருகி, கடைசியில் 15 நியூட்டன் மீட்டர் அளவுக்கு முடுக்கினால் போதும்.

காயில் கனெக்டர்களும் ஃப்யூஸும் திரும்பப் போட்டாயிற்று. வண்டியை ஷெட்டுக்கு வெளியே தள்ளிக்கொண்டு போய், கிளட்சையும் ஆக்சிலரேட்டரையும் முழுதாக மிதித்துச் செல்ஃப். ஐந்தாறு விநாடியில் ஒரு முகம் பற்றும் சத்தம் கேட்டதும் ஆக்சிலரேட்டரை மெதுவாகப் பாதிக்கு விட்டோம். இருமி, தடுமாறிப் பிடித்துக்கொண்டது. வெள்ளைப் புகை தெரு முழுக்க. ஊற்றிய எண்ணெய் எரிகிறது, அவ்வளவுதான். 2,500 ஆர்பிஎம்மில் வைத்து, வெப்ப முள் நடுவுக்கு வரும்வரை அணைக்காமல் காத்திருக்க வேண்டும். அதற்கு மேல் உறுமவிடக் கூடாது: கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் (புகையைச் சுத்தப்படுத்தும் பாகம்) தேங்கிய பெட்ரோல் எரிந்து அது செந்நிறமாகப் பழுக்கலாம், அடியில் காய்ந்த புல் இருந்தால் ஆபத்து.

புகை நின்ற பிறகும் ஐடில் குதித்தது. ஒவ்வொரு காயிலாகச் சோதித்ததில் எல்2 பொறி மெலிந்து ஆரஞ்சு நிறத்தில் இருந்தது. ஆர்எக்ஸ்-8ல் காயில்கள் சீக்கிரம் சோர்ந்துபோகும் பாகம். ஒன்று போனால் நான்கையும் வயரோடு சேர்த்து மாற்றிவிடுவதே முறை. மாற்றியதும் ஐடில் 800ல் நின்றது. ஆயில் டிப்ஸ்டிக்கில் அளவு ஏறியிருந்தது, முகர்ந்தால் பெட்ரோல். அந்த ஆயிலோடு ஓட்டக் கூடாது. வடித்து, ஃபில்ட்டரும் மாற்றி, புது 5டபிள்யூ-20 ஊற்றியாயிற்று.

சூடாக இருக்கும்போதே கம்ப்ரஷன் பார்த்துவிட வேண்டும். சாதாரண கேஜ் மூன்று முகத்தில் உயர்ந்ததை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளும், கெட்ட முகத்தைக் காட்டிக்கொடுக்காது. ரோட்டரிக்கென்று உள்ள மின்னணு டெஸ்டரே வேண்டும். 250 ஆர்பிஎம்முக்குத் திருத்திய பிறகு, சதுர சென்டிமீட்டருக்குக் கிலோ கணக்கில், முன் ரோட்டர் 7.7, 7.6, 7.8, பின் ரோட்டர் 7.3, 7.1, 7.4. புது என்ஜினுக்கு 8.5, குறைந்தபட்சம் 6.9. ஒரே ரோட்டரின் முகங்களுக்குள் 1.5, இரண்டு ரோட்டர்களுக்கிடையே 1.0 வரை வித்தியாசம் இருக்கலாம். பின் ரோட்டரைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். குளிரில் பிடித்து, சூட்டில் மட்டும் பிடிக்காமல் அடம்பிடிக்க ஆரம்பித்தால் என்ஜினைப் பிரிக்கும் நேரம் வந்துவிட்டது.

அடுத்த நவம்பருக்கு: டேங்க்கை நிரப்பி ஃப்யூயல் ஸ்டெபிலைசர் கலப்பது, பேட்டரிக்கு டிரிக்கிள் சார்ஜர், கடைசி ஓட்டத்தில் முழுதாகச் சூடேற்றி 3,000 ஆர்பிஎம்மில் பத்து விநாடி வைத்து அணைப்பது. நடுவில் நகர்த்த வேண்டி வந்தால் நியூட்ரலில் போட்டுக் கையால் தள்ளுவது.